எட்டாத வினாத்தாள்: தென்னாப்பிரிக்காவின் வாசிப்புத் தேர்வு, 2006 முதல் 2021 வரை

## பின்னணி

பத்து வயதுப் பிள்ளை ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு, அதில் என்ன இருக்கிறது என்று சொல்ல முடிகிறதா? இதை நாடு நாடாக அளக்க 2001 முதல் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை ஒரு சர்வதேச ஆய்வு நடக்கிறது. அதன் பெயர் பர்ல்ஸ். ஐ.இ.ஏ. என்ற சர்வதேசக் கல்வி மதிப்பீட்டு அமைப்பு அதை நடத்துகிறது. வினாத்தாள் வடிவமைப்பும் மதிப்பெண் கணக்கீடும் அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரியில் உள்ள மையத்தின் பொறுப்பு. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு தேசியக் குழு பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, மொழிபெயர்த்து, தேர்வை நடத்தித் தரும். தென்னாப்பிரிக்காவில் அந்த வேலையைச் செய்தது பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் மதிப்பீட்டு மையம்.

தேர்வின் அமைப்பு எளிதுதான். ஒரு மாணவர் இரண்டு வாசிப்புப் பகுதிகளைப் படித்து விடை எழுத வேண்டும். பகுதிக்கு 40 நிமிடம். சில வினாக்களுக்கு நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும், மற்றவற்றுக்குச் சொந்தமாக எழுத வேண்டும். 2001இல் கலந்துகொண்ட நாடுகளை வைத்து சராசரி 500, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) 100 என்று அளவுகோலை நிறுவினார்கள். அதில் 400, 475, 550, 625 என்று நான்கு படிகள். மிகக் கீழ்ப்படியான 400ஐ எட்டியவர், பகுதியில் நேரடியாகச் சொல்லப்பட்டிருக்கும் ஒரு செய்தியைத் தேடி எடுக்கக்கூடியவர்.

தென்னாப்பிரிக்காவில் அப்போது எழுத்துமொழிகளாக 11 ஆட்சிமொழிகள் இருந்தன. பெரும்பாலான கறுப்பினப் பிள்ளைகள் முதல் மூன்று வகுப்புகளை வீட்டு மொழியில் படித்துவிட்டு நான்காம் வகுப்பில் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். இனஒதுக்கல் ஆட்சி முடிந்து பன்னிரண்டு ஆண்டு ஆகியிருந்த நிலையில்தான் நாடு இந்தத் தேர்வில் முதன்முறையாகச் சேர்ந்தது. அங்கிருந்து நான்கு சுற்றுகளில் நடந்தவற்றை இந்தக் குறிப்பு பதிவு செய்கிறது. மையக் கேள்வி ஒன்று: பெரும்பாலான மாணவர்களுக்கு எட்டாத உயரத்தில் வினாத்தாள் இருந்தால், அளப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்?

## 2006: முதல் சுற்று

தேசியக் குழு தொடக்கத்திலேயே இரண்டு முடிவுகளை எடுத்தது. முதலாவது, தேர்வை 11 மொழிகளிலும் நடத்துவது. பிள்ளை முதல் மூன்று வகுப்புகளில் எந்த மொழியில் கற்றதோ அதே மொழியில் தேர்வு எழுதும். இரண்டாவது, நான்காம் வகுப்போடு ஐந்தாம் வகுப்பையும் சோதிப்பது. நான்காம் வகுப்பு மொழி மாறும் ஆண்டு என்பதால், ஐந்தாம் வகுப்பின் முடிவையே சர்வதேச ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். கடினத்தன்மையைப் பிள்ளைகளின் நிலைக்குக் கொஞ்சம் நெருக்கமாகக் கொண்டுவரும் முயற்சியும் இதில் இருந்தது. வினாத்தாளை மாற்ற முடியாதபோது, ஒரு வயது மூத்த மாணவர்களைக் கூட்டி வருவதுதான் மிச்சமிருக்கும் வழி.

அந்த வழி போதவில்லை. இரண்டு வகுப்பும் சேர்த்து 30,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதினார்கள். ஐந்தாம் வகுப்பின் சராசரி 302, நான்காம் வகுப்பின் சராசரி 253. பங்கேற்ற எல்லா நாடுகளிலும் இதுவே கடைசி இடம். முதலிடத்தில் இருந்த ரஷ்யாவின் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 565 எடுத்திருந்தார்கள். தென்னாப்பிரிக்காவின் ஐந்தாம் வகுப்பில் 78%, நான்காம் வகுப்பில் 87% பேர் 400ஐக்கூட எட்டவில்லை.

கணக்கிலும் இதே கதைதான். டிம்ஸ் என்ற சகோதர ஆய்வில் 2003இல் எட்டாம் வகுப்பின் சராசரி 264. அதற்கடுத்த 2007 சுற்றில் நாடு கலந்துகொள்ளவில்லை. 2011இல் திரும்பி வந்தபோது ஒன்பதாம் வகுப்பை மட்டும் சோதித்தது.

## அடிமட்டத்தில் என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை

78% என்ற எண் அதிர்ச்சி தந்தது; தந்திருக்கவும் வேண்டும். ஆனால் அளவீட்டுக்காரர்களை வேறொரு விஷயம் உறுத்தியது. அந்த 78 சதவீதத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள்?

ஒரு வினா ஒரு மாணவரைப் பற்றி எவ்வளவு சொல்லும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. சரியாக விடையளிக்கும் வாய்ப்பையும் தவறவிடும் வாய்ப்பையும் பெருக்கினால் போதும். வாய்ப்பு 50% என்றால் 0.5 × 0.5 = 0.25, ஒரு வினா தரக்கூடிய மிக அதிகத் தகவல் இதுதான். வாய்ப்பு 90% என்றால் 0.09 ஆகிவிடும். 5% என்றால் 0.0475, அதாவது உச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. எல்லாருக்கும் தெரிந்த வினாவும் யாருக்கும் எட்டாத வினாவும் பிள்ளைகளைப் பிரித்துக் காட்டுவதில்லை. இதைத் தகவல் சார்பு என்று புள்ளியியலில் சொல்கிறார்கள். தேர்வின் கடினத்தன்மையை மாணவர்களின் திறனோடு பொருத்த வேண்டும் என்ற வாதம் முழுவதும் இந்தப் பெருக்கலில்தான் நிற்கிறது.

ஊகமும் சேர்ந்துகொள்கிறது. நான்கு தெரிவுகள் கொண்ட 12 வினாக்களில், வினாவைப் படிக்காமலே குறியிட்டாலும் சராசரியாக 3 சரியாகிவிடும். எழுதி விடையளிக்க வேண்டியவற்றை வெறுமனே விட்டுவிட்டு மூன்று பல்தேர்வு வினாக்களில் மட்டும் மதிப்பெண் வாங்கிய இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு எழுத்துகளே தெரியாமல் இருக்கலாம். மற்றவர் சின்னச் சின்ன வாக்கியங்களைத் தட்டுத்தடுமாறிப் படித்து, முதல் பக்கத்தைத் தாண்டுவதற்குள் நேரம் முடிந்திருக்கலாம். வினாத்தாளுக்கு இருவரும் ஒன்று. லாரியை நிறுக்கும் எடைமேடையில் காய்கறிக் கூடையை வைத்தால் கூடையில் இரண்டு கிலோ இருக்கிறதா நான்கு கிலோ இருக்கிறதா என்று தெரியாது; அந்த நிலைதான் இது.

இன்னொரு சிக்கல் வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. பெரிய அளவிலான ஆய்வுகளில் ஒவ்வொரு மாணவரும் வினாத்தொகுப்பின் ஒரு பகுதியை மட்டுமே எழுதுகிறார். ஆகவே மதிப்பெண்ணை அவர் விடைகளிலிருந்து மட்டும் கணக்கிடுவதில்லை. வீடு, பள்ளி, மொழி போன்ற பின்னணித் தகவலையும் சேர்த்து, சாத்தியமான பல மதிப்புகளாகக் கணிக்கிறார்கள். தேர்வு நிறையத் தகவல் தரும்போது இதில் பிரச்சினை இல்லை. தேர்வு எதுவும் சொல்லாத இடத்தில் கணிப்பு பின்னணியின் மேல் சாய்ந்துவிடும். அப்போது ஒரு பிள்ளையின் இடத்தில் நாம் பார்ப்பது, அந்தப் பிள்ளையைப் போன்ற மற்றவர்களின் சராசரியை. நாட்டுச் சராசரி பெரிதாகக் கெடாமல் இருக்கலாம். அடிமட்டத்தில் உள்ளவர்களுக்குள் உள்ள வேறுபாட்டைத்தான் நம்ப முடியாது.

நடைமுறையில் இதன் விளைவு கடுமையானது. ஒரு மாவட்டம் கடுமையாக உழைத்து, எழுத்தே தெரியாத பிள்ளைகளைச் சொற்கள் படிக்கும் நிலைக்குக் கொண்டுவந்தது என்று வையுங்கள். முதல் வகுப்பு ஆசிரியர் செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை அது. 800 சொற்கள் கொண்ட கதையைத் தந்து சோதிக்கும் தேர்வில் அந்த முன்னேற்றம் ஏறக்குறைய தெரியாமலே போய்விடும். ஐந்து ஆண்டு கழித்து அறிக்கை வரும், மாற்றம் இல்லை என்று சொல்லும், உழைத்தவர்கள் சோர்ந்துபோவார்கள். இதை நியாயமற்றது என்றுதான் சொல்வேன். தேர்வின் குறையைப் பள்ளியின் குறையாக எழுதிவைப்பது அது.

ஐ.இ.ஏ. ஆய்வுகள் பிறகு இதற்கு ஒரு விதிமுறை கொண்டுவந்தன. ஊக அளவுக்கு மேல் எடுக்காத மாணவர்கள் 15%க்கு மேல் இருந்தால் அந்த நாட்டின் சராசரிக்கு எச்சரிக்கைக் குறி; 25%ஐத் தாண்டினால் சராசரி நம்பத்தக்க முறையில் அளக்கப்படவில்லை என்றே குறிப்பு. 2011 அறிக்கைகளில் இந்தக் குறிகள் இருக்கின்றன.

## 2011: எளிய தேர்வு

அந்தச் சுற்றுக்கு ஐ.இ.ஏ. புதிதாக ஒரு தேர்வைத் தயாரித்தது. பெயர் ப்ரீ-பர்ல்ஸ். வாசிப்பு என்றால் என்ன என்ற பார்வை அதே. உயரம் மட்டும் குறைவு. பர்ல்ஸில் சுமார் 800 சொற்கள் கொண்ட பகுதிகள் என்றால் இங்கே சுமார் 400 சொற்கள். வாக்கியங்கள் எளியவை, சொற்களும் பழகியவை. வினாக்களின் கலவையும் மாறியது. பர்ல்ஸில் நேரடிச் செய்தியைத் தேடி எடுக்கும் வினாக்களுக்கு 20% இடம் என்றால், ப்ரீ-பர்ல்ஸில் 50%. ஊகித்து உணர்வதும் பொருள்கொள்வதும் மீதிப் பாதியைப் பகிர்ந்துகொண்டன. சில இடங்களில் வினாக்களை எல்லாம் கடைசியில் வைக்காமல் பகுதியின் நடுவிலேயே வைத்தார்கள். மெதுவாகப் படிக்கும் பிள்ளை முழுக் கதையையும் முடிக்காவிட்டாலும் படித்த வரைக்கும் விடை எழுத முடியும். எனக்கு இதில் மிகப் பிடித்த மாற்றம் இதுதான்; தேர்வு எழுதும் பிள்ளையை நினைத்துச் செய்தது.

மூன்று நாடுகள் சேர்ந்தன: போட்ஸ்வானா, கொலம்பியா, தென்னாப்பிரிக்கா. தென்னாப்பிரிக்கா நான்காம் வகுப்பில் 11 மொழிகளிலும் ப்ரீ-பர்ல்ஸை நடத்தியது. ஐந்தாம் வகுப்பில் ஆங்கிலத்திலும் ஆஃப்ரிகான்ஸிலும் கற்பிக்கும் பள்ளிகளில் மட்டும் முழு பர்ல்ஸை நடத்தியது. காரணம் தெளிவு. அந்த இரு மொழிப் பள்ளிகளில் கணிசமான பிள்ளைகள் கடினத் தேர்வின் எல்லைக்குள் வருகிறார்கள். மற்ற மொழிகளில் மிகச் சிலரே வருகிறார்கள். ஒரே நாட்டுக்குள் இரண்டு உயரத்தில் இரண்டு தேர்வு என்ற சிந்தனை முதன்முதலாகச் செயலுக்கு வந்தது இப்படித்தான்.

ப்ரீ-பர்ல்ஸில் தென்னாப்பிரிக்காவின் சராசரி 461, போட்ஸ்வானா 463, கொலம்பியா 576. கீழே இருந்தவர்கள் முதன்முறையாகத் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தார்கள். ஆங்கிலத்தில் எழுதியவர்களின் சராசரி 530, ஆஃப்ரிகான்ஸில் 525, செபெடி மொழியில் 388. மொழிக்கு மொழி இவ்வளவு பெரிய இடைவெளியை இப்போது கூடுதல் நம்பிக்கையோடு சொல்ல முடிந்தது.

இங்கே தமிழ்நாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இதே காலத்தில், 15 வயது மாணவர்களுக்கான பிசா என்ற சர்வதேசத் தேர்வின் 2009+ சுற்றில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பங்கேற்றன. முடிவு 2011 கடைசியில் வந்தது. தமிழ்நாட்டின் வாசிப்புச் சராசரி 337, கணிதம் 351, அறிவியல் 348. அடிப்படைத் தகுதி என்று பிசா கருதும் இரண்டாம் படியை வாசிப்பில் எட்டியவர்கள் 17% பேர். கணிதத்தில் பிசாவின் முதல் படியே 358இல்தான் தொடங்குகிறது. அப்படியென்றால் நம் சராசரி மாணவர், அந்தத் தேர்வு விவரிக்கக்கூடிய மிகக் கீழான படிக்கும் கீழே நின்றார். வினாக்கள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்ற காரணத்தைச் சொல்லி, இந்தியா அடுத்த சுற்றிலிருந்து விலகியது. சூழல் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் கடினத்தன்மை எந்த உயரத்தில் நிற்கிறது, பிள்ளைகள் எந்த உயரத்தில் நிற்கிறார்கள் என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். தென்னாப்பிரிக்கா அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு தேர்வுக்குள்ளேயே இருந்தது. கடைசி இடத்தில் இருந்துகொண்டு அப்படி இருப்பதற்குத் துணிச்சல் வேண்டும்.

## இரண்டு 400

2011இல் எடுத்த முடிவுகளில் ஒன்று பின்னால் பெரும் குழப்பத்துக்கு இடம் கொடுத்தது. ப்ரீ-பர்ல்ஸுக்குத் தனி அளவுகோல் வைத்தார்கள். பங்கேற்ற மூன்று நாடுகளின் சராசரி 500. தனி அளவுகோல் என்றாலும் எண்கள் பார்வைக்கு பர்ல்ஸ் எண்களைப் போலவே இருந்தன. கீழ்ப்படி இங்கேயும் 400தான்.

அந்த அளவுகோலில் தென்னாப்பிரிக்காவின் நான்காம் வகுப்பில் 29% பேர் மட்டுமே 400க்குக் கீழே. 2006இல் அதே வகுப்பில் 87%. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எவருக்கும் ஐந்தே ஆண்டில் ஒரு அதிசயம் நடந்தது போலத் தோன்றும். உண்மையில் இரண்டு 400க்கும் தொடர்பில்லை. ஒன்று கடினமான தேர்வின் 400, மற்றொன்று எளிய தேர்வின் 400. 2011இல் முழு பர்ல்ஸ் எழுதிய ஐந்தாம் வகுப்பின் சராசரியான 421ஐயும் 2006இன் 302ஓடு ஒப்பிட முடியாது. 302 நாட்டின் எல்லாப் பள்ளிகளுக்கும் உரியது, 421 இரு மொழிப் பள்ளிகளுக்கு மட்டும் உரியது.

அறிக்கைகளில் இது தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது. ஆனால் பெரிய ஆய்வுகளின் எண்கள் அறிக்கையை விட்டு வெளியே தனியாகப் பயணம் செய்பவை. ஒரே எண்ணை இரண்டு பொருளில் பயன்படுத்திவிட்டு அடிக்குறிப்பில் விளக்கம் சொன்னால், அந்த விளக்கம் எண்ணோடு கூடப் போகாது.

## 2016: ஒரே அளவுகோல், இரண்டு தேர்வு

அடுத்த சுற்றில் ஐ.இ.ஏ. இதைச் சரிசெய்தது. ப்ரீ-பர்ல்ஸ் இப்போது பர்ல்ஸ் லிட்டரசி என்று பெயர் மாறியது. இரண்டு தேர்வுக்கும் பொதுவாகச் சில வாசிப்புப் பகுதிகளை வைத்தார்கள். அந்தப் பொதுப் பகுதிகளை எளிய தேர்வு எழுதியவர்களும் கடினத் தேர்வு எழுதியவர்களும் எப்படிச் செய்தார்கள் என்று பார்த்தால், இரண்டு தேர்வின் உயரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிடலாம். பிறகு எல்லாரையும் ஒரே அளவுகோலில் வைக்கலாம். இதற்கு இணைப்பு என்று பெயர். கடினத்தன்மையைப் பொருத்துவது எவ்வளவு முக்கியமோ அதைவிட முக்கியம் இந்த இணைப்பு. இது இல்லாத எளிய தேர்வு வெறும் எளிய தேர்வு, அவ்வளவுதான்.

தென்னாப்பிரிக்காவில் 293 பள்ளிகளைச் சேர்ந்த 12,810 நான்காம் வகுப்புப் பிள்ளைகள் லிட்டரசி தேர்வை எழுதினார்கள். 2017 டிசம்பரில் முடிவு வந்தது: சராசரி 320. 78% பேர் 400க்குக் கீழே.

எளிய தேர்வு வைத்தும் மதிப்பெண் ஏறவில்லையே என்று சிலருக்குத் தோன்றலாம். ஏறக் கூடாது என்பதுதான் சரி. இணைப்பு ஒழுங்காக இருந்தால், எளிய வினாவுக்குச் சரியான விடை சொன்னதற்கு அளவுகோல் குறைந்த மதிப்பே தரும். தேர்வைப் பொருத்துவதால் மாணவர் உயர்ந்துவிடுவதில்லை. அவர் நிற்கும் இடம் கூடுதல் துல்லியமாகத் தெரிகிறது. செபெடியில் எழுதியவர்களில் 93%, ஆங்கிலத்தில் எழுதியவர்களில் 57%, ஆஃப்ரிகான்ஸில் 56% பேர் 400ஐ எட்டவில்லை என்பதை, ஊகத்தின் இரைச்சல் குறைந்த தேர்வை வைத்துச் சொல்ல முடிந்தது.

பத்தில் எட்டுப் பிள்ளைகளுக்குப் பொருள் புரிந்து வாசிக்கத் தெரியவில்லை என்ற வாக்கியம் நாட்டின் பொதுப் பேச்சில் நிலைத்துவிட்டது. 2019 ஜூனில் குடியரசுத் தலைவர் நாட்டுக்கு ஆற்றிய உரையில், பத்து ஆண்டுகளுக்குள் ஒவ்வொரு பத்து வயதுப் பிள்ளையும் பொருள் புரிந்து வாசிக்க வேண்டும் என்பதை இலக்காக வைத்தார். ஒரு தேர்வின் எண் அரசின் வாக்குறுதியாக மாறிய இடம் அது.

## பழைய எண்ணைத் திரும்பப் பார்த்தது

2016 அறிக்கை இன்னொன்றையும் சொன்னது: 2011க்குப் பிறகு முன்னேற்றம் இல்லை. ப்ரீ-பர்ல்ஸின் பழைய தரவைப் புதிய அளவுகோலுக்கு மாற்றிப் பார்த்து எட்டிய முடிவு அது.

உள்நாட்டில் கல்விப் பொருளாதாரம் படிப்பவர்கள் சிலருக்கு இது பொருந்தி வரவில்லை. கணித ஆய்வில் அதே காலத்தில் ஏற்றம் தெரிந்தது. டிம்ஸில் ஒன்பதாம் வகுப்பு 2011இல் 352, 2015இல் 372. வாசிப்பு மட்டும் அசையாமல் இருக்குமா? ஆகவே ஓர் ஆய்வாளர் வெளியான சராசரியை விட்டுவிட்டு மாணவர் அளவிலான மூலத் தரவை எடுத்துக்கொண்டு, இரண்டு சுற்றிலும் வந்த பொது வினாக்களுக்குப் பிள்ளைகள் எப்படி விடையளித்தார்கள் என்று ஒப்பிட்டார். 2020இல் வந்த அவருடைய ஆய்வு, 2011இன் மாற்றப்பட்ட மதிப்பெண் கூடுதலாகக் கணிக்கப்பட்டிருந்தது என்றும், 2011க்கும் 2016க்கும் நடுவில் உண்மையில் கணிசமான முன்னேற்றம் இருந்தது என்றும் வாதிட்டது.

இந்த நிகழ்வின் மிக முக்கியமான திருப்பம் இதுதான் என்று நினைக்கிறேன். கடினத்தன்மையை மாற்றியது சரியான முடிவு. ஆனால் மாற்றும் ஒவ்வொரு முறையும் பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் நடுவில் ஒரு இணைப்புக் கணக்கு வருகிறது. அதில் சிறு பிசகு இருந்தாலும், ஐந்தாண்டு உழைப்பு இருந்ததா இல்லையா என்ற தீர்ப்பே தலைகீழாகிவிடும். மூலத் தரவு எல்லாருக்கும் திறந்திருந்ததால் மட்டுமே வெளியிலிருந்து ஒருவர் இதைக் கேள்வி கேட்க முடிந்தது.

## 2021: குழுவுக்கேற்ற தேர்வு

அடுத்த சுற்றில் தனித் தேர்வு என்ற முறையே போய்விட்டது. மொத்தம் 18 வாசிப்புப் பகுதிகள்: 6 கடினம், 6 நடுத்தரம், 6 எளிது. அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து 18 வினா ஏடுகள் செய்தார்கள்; ஒன்பது கடினமானவை, ஒன்பது எளியவை. எல்லா நாட்டுக்கும் எல்லா ஏடுகளும் போகும். விகிதம்தான் மாறும். சராசரி உயர்ந்த நாடுகளில் 70% பேருக்குக் கடின ஏடு, நடுவில் உள்ள நாடுகளில் பாதிக்குப் பாதி, குறைந்த நாடுகளில் 30% பேருக்கு மட்டும் கடின ஏடு. எல்லா வினாக்களும் எல்லா நாடுகளிலும் யாரோ ஒருவரால் எழுதப்படுவதால் இணைப்பு தானாகவே கிடைத்துவிடுகிறது. 2011இன் குழப்பம் மீண்டும் வர வழியில்லை. அழகான தீர்வு.

தென்னாப்பிரிக்காவில் கொரோனா கால இடையூறுகளுக்குப் பிறகு, 2021 கல்வியாண்டின் பிற்பகுதியில் தேர்வு நடந்தது. 2023 மே மாதம் முடிவு வெளியானது. நான்காம் வகுப்பின் சராசரி 288. 400க்குக் கீழே 81%. 57 நாடுகளில் கடைசி. கூடவே சோதித்த ஆறாம் வகுப்பின் சராசரி 384. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் சராசரியே நான்காம் வகுப்புக்கான கீழ்ப்படியைத் தொடவில்லை.

மொழிவாரியாகப் பார்த்தால் சரிவு எல்லாருக்கும் ஒன்றாக இல்லை. ஆஃப்ரிகான்ஸ் 369இலிருந்து 387 ஆனது, ஆங்கிலம் 372இலிருந்து 382. செட்ஸ்வானா மொழியில் எழுதியவர்களின் சராசரி 211. பள்ளிகள் மூடியிருந்த காலத்தின் பாரத்தை ஆப்பிரிக்க மொழிகளில் படித்த பிள்ளைகள்தான் சுமந்தார்கள் என்பதை மறைக்க முடியாதபடி தேர்வு காட்டியது.

## என்ன மாற வேண்டும்

முதலில் விகிதத்தைப் பற்றி. 2021 முறையில் கடினத்தன்மை நாட்டுக்கேற்ப மாறுகிறது, நாட்டுக்குள் மாறுவதில்லை. ஏடுகள் குலுக்கல் முறையில் போகின்றன. கேப் டவுன் புறநகரின் வசதியான ஆங்கிலப் பள்ளியில் உள்ள பிள்ளைக்கும், செட்ஸ்வானாவில் படிக்கும் கிராமப் பிள்ளைக்கும் கடின ஏடு வரும் வாய்ப்பு ஒன்றேதான். இருவருக்கும் நடுவில் ஒரு நாட்டுக்கும் இன்னொரு நாட்டுக்கும் உள்ளதைவிடப் பெரிய இடைவெளி இருக்கும்போது, நாட்டை ஒரே குழுவாக எடுப்பது மிகவும் பருமட்டான கணக்கு. மொழிவாரியாகவோ பள்ளி வகைவாரியாகவோ விகிதத்தை மாற்றலாம். பள்ளிகளைத் தேர்ந்தெடுக்கும் திட்டத்தில் மொழி ஏற்கெனவே ஒரு பிரிவாக இருப்பதால் இது செய்யக்கூடியதே. கணினியில் எழுதினால் முதல் பகுதியின் விடையைப் பார்த்து அடுத்ததைத் தேர்ந்தெடுக்கலாம். பிசா 2018இல் வாசிப்புக்கு அப்படிச் செய்தது. ஆனால் கணினியே பார்த்திராத பள்ளிகளில் அது இன்னொரு வகையான கடினத்தன்மையைக் கூட்டிவிடும். அதனால் தாளில் எழுதும்போதே முடிந்த அளவு பொருத்துவதை விட்டுவிடக் கூடாது.

அடுத்து மொழிபெயர்ப்பு. ஒரு பகுதியை ஆங்கிலத்திலிருந்து பத்து மொழிகளுக்குப் பெயர்க்கும்போது கருத்து மாறாமல் வருகிறதா என்று கவனமாகச் சரிபார்க்கிறார்கள். ஆனால் சூலு போன்ற மொழிகளில் ஆங்கிலத்தின் மூன்று நான்கு சொற்கள் ஒரே நீண்ட சொல்லாக ஒட்டி நிற்கும். நமக்கு இது புதிதல்ல. ‘போகவேண்டியிருந்ததால்’ என்று எழுதும் மொழி நம்முடையது. இப்போதுதான் வாசிக்கக் கற்கும் பிள்ளைக்கு அந்த நீளம் தனிச் சுமை. ஒரே பகுதி இரண்டு மொழிகளில் ஒரே உயரத்தில் இருக்கிறது என்று முன்கூட்டியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வினா வினாவாகச் சோதித்துப் பார்த்து, மொழிக்கு மொழி நடத்தை மாறும் வினாக்களை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, 400க்குக் கீழே இருப்பவர்களைப் பற்றி எழுதுவது. 81% என்று சொல்லிவிட்டு அதற்குக் கீழே உள்ள இடத்தை வெற்றிடமாக விடுவது, எளிய ஏடுகளைத் தயாரித்த உழைப்பையே வீணாக்குகிறது. பிசா தன் வாசிப்பு அளவுகோலில் 2009இல் ஒரு படியையும் 2018இல் இன்னொரு படியையும் கீழே சேர்த்து, அங்கே இருப்பவர்களுக்கு என்ன தெரியும் என்று விவரிக்க ஆரம்பித்தது. பர்ல்ஸும் 400க்குக் கீழே குறைந்தது ஒரு படியையாவது விவரிக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு எது தெரியாது என்பதோடு நிற்கும் அறிக்கையை வைத்துக்கொண்டு எந்த ஆசிரியராலும் மறுநாள் பாடத்தைத் திட்டமிட முடியாது.

கடைசியாக, எழுத்துத் தேர்வை எவ்வளவு எளிதாக்கினாலும் எட்டாதவர்கள் இருக்கிறார்கள். 211 என்ற சராசரி அதைத்தான் சொல்கிறது. அவர்களை ஒருவர் ஒருவராக உட்காரவைத்து வாய்விட்டு வாசிக்கச் சொல்லித்தான் அளக்க முடியும். தென்னாப்பிரிக்கா அந்த வேலையையும் தொடங்கியிருக்கிறது. மொழிக் குடும்பம் வாரியாகத் தொடக்க வாசிப்புக்குத் தனி இலக்குகளை வகுத்திருக்கிறார்கள். சூலுவும் கோசாவும் அடங்கிய நுகுனி மொழிகளில் முதல் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 40 எழுத்துகள், இரண்டாம் வகுப்பு முடிவில் 20 சொற்கள், மூன்றாம் வகுப்பு முடிவில் 35 சொற்கள். சொற்கள் பிரிந்து நிற்கும் செட்ஸ்வானா, செபெடி, செசோத்தோ மொழிகளில் மூன்றாம் வகுப்புக்கு 60 சொற்கள். எண்கள் வேறுபடுவதற்குக் காரணம் மொழிகளின் எழுத்தமைப்பு. இந்த இலக்குகளை வைத்து, நான்காம் வகுப்புக்கு வருவதற்கு முன்பே எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று ஒரு ஆசிரியர் சில நிமிடங்களில் தெரிந்துகொள்ளலாம். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை வரும் அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.